நடுங்கும் கைக்கு எந்தக் குவளை? பேணும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கைநடுக்கமோ பிடித்தளர்வோ உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பேணிவரும் குடும்பத்தாருக்கு,



தமிழ்நாட்டு வீடுகளில் நாள்தோறும் புழங்கும் எவர்சில்வர் டம்ளர், நலமுள்ள கையையும் வழிவழியாக வந்த ஒரு குடிமுறையையும் மனத்தில் கொண்டு உருவான பாத்திரமாகும். அதன் சுவர் மெல்லியது, உடல் வழுவழுப்பானது, கைப்பிடி கிடையாது, விளிம்பு சற்றே வெளிப்புறம் விரிந்திருப்பதால், உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதற்கும், டவராவுக்கும் டம்ளருக்கும் இடையே காப்பியை ஆற்றுவதற்கும் அது வெகு வசதியாக அமைகிறது. கை நடுங்கத் தொடங்கியவருக்கும் விரல்களில் வலுக்குன்றியவருக்கும் இந்த வசதிகளே தொல்லைகளாகிவிடுகின்றன: மெல்லிய சுவர் சூட்டை அப்படியே விரலுக்குக் கடத்துகிறது, வழுவழுப்பு கூடுதல் இறுக்கத்தைக் கேட்கிறது, விரிந்த விளிம்பு சிந்துவதற்கு வழிவிடுகிறது. ஆயினும் பெரும்பாலான வீடுகளில் குறை முழுவதும் கையின் மீதே சுமத்தப்படுகிறது. பாத்திரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணம் எழும் வீடுகளிலும், குழந்தைகளுக்கென விற்கப்படும் சிப்பர் ஒன்று வாங்கப்பட்டு, அத்துடன் காரியம் முடிந்ததாகக் கருதப்படுகிறது. அந்தக் கை எந்தக் கணத்தில் தவறுகிறது என்பதை அறிந்த பிறகே குவளையைத் தேர வேண்டும் என்பதும், கையைவிடக் கூடுதலான கவனத்துடன் தொண்டையைப் பார்க்க வேண்டும் என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்து.

நடுக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே நிலை அன்று. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூலில் விவரித்ததும் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலானதுமான நோயில், கை வேலையின்றி மடியில் கிடக்கும்போது நடுக்கம் மிகுந்து, ஒரு பொருளை எடுக்க நீளும்போது தணிகிறது. ஓய்வுநிலை நடுக்கம் எனப்படும் இது பெரும்பாலும் விநாடிக்கு 4 முதல் 6 முறை நிகழ்வதாகும். இந்நோயுள்ளோர் பலருக்கு டம்ளரை எடுக்கும் கணத்தில் கை அடங்கியிருந்து, அதே நிலையில் சில விநாடிகள் தாங்கிப் பிடித்த பின்னரே நடுக்கம் மீண்டும் தலைகாட்டுகிறது. ஆகவே அவர்களுக்குத் தொல்லை தருவது நடுக்கம் மட்டுமன்று. தசைகள் விறைத்து அசைவுகள் மந்தமாவதால், மணிக்கட்டைத் திருப்பி டம்ளரைச் சாய்ப்பதும் கழுத்தைப் பின்னுக்கு வளைப்பதும் கடினமாகி, எடுத்தது வாய்க்குப் போய்ச்சேரும் நேரம் நீண்டுவிடுகிறது. மணிக்கட்டு குறைவாகத் திரும்பினாலே போதும் என்ற வகையில் அமைந்த, எடை குறைந்த, அகன்ற குவளை இத்தகையோருக்கு உதவக்கூடும்.

எசென்ஷியல் டிரெமர் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நடுக்கம் இதற்கு நேர்மாறானது. கை ஓய்ந்திருக்கும்போது அமைதியாக இருந்து, ஒன்றைத் தாங்கிப் பிடிக்கும்போதும் வாய்க்குக் கொண்டுபோகும்போதும் மிகுவது. பல குடும்பங்களில் பரம்பரையாகத் தொடர்வது. பார்க்கின்சன் நோயைவிடப் பரவலானது. கை ஆடுகிறது என்றதுமே அதனைப் பார்க்கின்சன் என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவது வழக்கமாதலால், இவ்விரண்டையும் பிரித்தறியாமலே குவளை வாங்கும் வீடுகள் பல. சிறுமூளை பாதிக்கப்பட்டோரின் நடுக்கம் மூன்றாவது வகை. அவ்வகையில் கை இலக்கை நெருங்க நெருங்க ஆட்டத்தின் வீச்சு அகன்றுகொண்டே போவதால், மேசையிலிருந்து நலமாகப் புறப்பட்ட டம்ளர் உதட்டருகே வந்து தடுமாறுகிறது. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநல மருந்தான லித்தியம் ஆகியவற்றாலும், தைராய்டு சுரப்பு மிகுவதாலும் கை நடுங்கலாம். அங்கு முதலில் மாற வேண்டியது மருந்தா, அதன் அளவா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும், குவளை பிற்பாடு வரட்டும்.

இந்த வேறுபாடுகளை அறிவதற்குக் கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்தும், ஃபான், டொலோசா, மாரின் ஆகிய மூவரின் பெயரால் வழங்கும் நடுக்க அளவுகோலிலேயே, ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு நீரை ஊற்றச் சொல்லிப் பார்ப்பது ஓர் உறுப்பாக உள்ளது. வீட்டில் அரை டம்ளர் குளிர்ந்த நீரை மேசைமேல் வைத்து, அவர் எடுத்துக் குடித்துத் திரும்ப வைக்கும் வரை குறுக்கிடாமல் கவனித்தால், எடுக்கும்போதே சிந்துகிறதா, வழியில் சிந்துகிறதா, உதட்டருகிலா, அல்லது பலரும் கவனியாது விடுவதாகிய திரும்ப வைக்கும் தருணத்திலா என்பது தெளிவாகிவிடும். இதனை ஒரே நாளில் இரண்டு மூன்று பொழுதுகளில் செய்வது நல்லது. ஏனெனில் லெவோடோபா உட்கொள்ளும் பார்க்கின்சன் நோயாளருக்கு மருந்தின் பயன் ஓங்கியிருக்கும் வேளையும் தேய்ந்த வேளையும் மாறிமாறி வருவதால், காலை பத்து மணிக்கு டம்ளரை ஒழுங்காகப் பிடித்தவர் பன்னிரண்டு மணிக்கு அதைத் தொடவே தயங்கலாம். குவளையை அவருடைய மோசமான வேளைக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பதே முறை.

பிடித்தளர்வு நடுக்கத்திலிருந்து வேறான சிக்கல்; இரண்டும் ஒரே கையில் சேர்ந்திருக்கவும் கூடும். முடக்குவாதத்தில் விரல் மூட்டுகள் வீங்கி வலிப்பதால் கிள்ளிப்பிடிப்பது துன்பமாகிறது. பக்கவாதத்துக்குப் பின் ஒரு கை மட்டுமே துணைசெய்கிறது. மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படும்போது கட்டைவிரலின் வலுவும் விரல்நுனிகளின் உணர்வும் சேர்ந்து குறைகின்றன. நீரிழிவால் உணர்விழந்த கையும் தொழுநோய் கடந்த கையும் தனியாகக் கவனிக்கத்தக்கவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியிலிருந்து தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களின் விரல்கள் தேய்ந்து குறைவதற்குப் பெருங்காரணம் வலியுணர்வு அற்றுப்போய், சுடுவதும் அழுந்துவதும் அறியாமலே அந்தக் கைகள் புழங்குவதுதான் என்பதை எடுத்துக்காட்டினார். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை ‘சூடே தெரியவில்லை’ என்று இறுகப் பிடித்திருக்கும் முதியவரைப் பார்த்து வியக்கும் குடும்பத்தார், அந்தக் கண்டறிதலை நினைவில் கொண்டு மறுநாள் அவரது உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். இத்தகைய கைக்குச் சூடு கடத்தாத கைப்பிடி வசதிக்காக மட்டும் வைக்கப்படுவதில்லை. அது மருத்துவத் தேவையாகும்.

நீர் ஏன் சிந்துகிறது என்பதற்கு இயற்பியலிலும் ஒரு விடை உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த மேயர், கிரெச்செட்னிகோவ் என்னும் இருவர், காப்பிக் கோப்பையுடன் நடப்பவர் ஏன் சிந்துகிறார் என்று ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரைக்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. பாத்திரத்திலுள்ள நீர்மம் பக்கத்துக்குப் பக்கம் அலையும்போது அதற்கென ஓர் இயல்பான வேகம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அசைவு அந்த வேகத்தை ஒட்டி அமைந்தால் அலைவு பெருகி விளிம்பைத் தாண்டுகிறது. 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள டம்ளரில் இந்த அலைவு விநாடிக்கு ஏறத்தாழ 3.6 முறை என்றும், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ளதில் ஏறத்தாழ 4.3 முறை என்றும் கணக்கிடலாம். பார்க்கின்சன் நடுக்கத்தின் வேகம் இதற்கு வெகு அருகில் இருப்பதால், வீட்டு டம்ளர் நடுக்கத்தைத் தாங்குவதற்கு மாறாக அதனைப் பெருக்கிக்காட்டும் அளவில் அமைந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. வாய் குறுகிய டம்ளரை மாற்றிக்கொடுத்தால் சிந்தாது என்ற நம்பிக்கைக்கு இக்கணக்கு இடம்தருவதில்லை. குறுகக் குறுக அலைவின் வேகம் நடுக்கத்தின் வேகத்தையே நெருங்குகிறது.

அலைவைத் தடுக்க முடியாதபோது அதற்கு இடம்விடலாம், அல்லது மூடிவிடலாம். இடம்விடுவது என்பது பாதியளவே ஊற்றுவது. செலவில்லாததும் உடனே செய்யத்தக்கதும் இதுவே. ஆனால் 200 மில்லிலிட்டர் டம்ளரில் 100 மட்டுமே ஊற்றினால், நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டியவருக்குப் பதினைந்து முறை ஊற்றித்தர வேண்டியிருக்கும் என்பதையும் குடும்பத்தார் கணக்கில் கொள்ள வேண்டும். ஊற்றித்தர ஆளில்லாத பகல்பொழுதில் அரை டம்ளர் என்பது அரைத் தாகமாகவே நின்றுவிடும். கை நடுங்குவோர் பலர் சிந்திவிடுமோ என்ற கூச்சத்தாலும், கழிப்பறைக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்ற அச்சத்தாலும் ஏற்கெனவே குறைவாகவே குடிக்கிறார்கள். பார்க்கின்சன் நோயில் இயல்பாகவே உள்ள மலச்சிக்கலும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றுவதும் நீர் குறைந்தால் மேலும் மோசமாகின்றன. குவளையின் வெற்றியை மேசைத்துணி நனையாததைக் கொண்டு அளவிடுவதைவிட, மாலைக்குள் எவ்வளவு நீர் உள்ளே போயிருக்கிறது என்பதைக் கொண்டு அளவிடுவதே சரியாகும்.

எடையைப் பற்றிக் கருத்துகள் வேறுபடுகின்றன. கனமான பாத்திரம் ஆட்டத்தை அடக்கும் என்ற எண்ணத்தில் அடியில் எடை சேர்த்த குவளைகள் விற்கப்படுகின்றன. கனமான பொருள் எளிதில் அசையாது என்ற அளவில் அதில் நியாயம் உண்டு, நடுக்கமுள்ளோர் சிலருக்கு அது பலனும் அளிக்கிறது. ஆனால் முடக்குவாதக் கைக்கும் பக்கவாதத்தில் தளர்ந்த கைக்கும் அதே குவளை சுமையாகி, ஓரிரு வாய்க்குள் தோளையும் மணிக்கட்டையும் சோரவைத்துவிடும். சோர்ந்த கை மேலும் நடுங்கும். 200 மில்லிலிட்டர் நீரே 200 கிராம் என்பதையும் மறந்துவிடலாகாது. இதனைச் சோதிக்க விலையுயர்ந்த குவளை வேண்டியதில்லை: பரணில் கிடக்கும் பித்தளை டம்ளரை எடுத்துத் துலக்கி, அதிலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, மாறிமாறிக் குடிக்கச் சொன்னால் எது அவருடைய கைக்கு இசைகிறது என்பதை அவரே சொல்லிவிடுவார். அந்தச் சோதனைக்கு முன் எடைக்குவளையை வாங்குவது வீண்செலவாக முடியலாம்.

கைப்பிடியைப் பொறுத்தவரை, பீங்கான் கோப்பையின் சிறு காது இவர்களுக்குப் பயன்படாது. ஒரே விரல் நுழையும் அந்தக் காதில் கோப்பையின் முழு எடையும் கிள்ளிப்பிடிப்பாகவே தாங்கப்படுகிறது. நான்கு விரல்களும் ஒருசேர நுழைந்து, விரல்முட்டிகள் சூடான சுவரில் படாதவாறு இடைவெளி விட்ட பெரிய கைப்பிடியே வேண்டும். இருபுறமும் கைப்பிடியுள்ள குவளை, ஒரு கையின் ஆட்டத்தை மற்றொரு கை ஈடுகட்ட உதவுவதால், இரு கைகளும் இயங்கும் நடுக்கமுள்ளோருக்கு மிகப் பொருத்தமானது. பக்கவாதத்தால் ஒரு கை மட்டும் இயங்குபவருக்கு இரண்டாவது கைப்பிடி இடைஞ்சல். கீழ்முனை திறந்த கைப்பிடியில் விரல்களை மடக்காமலே உள்ளங்கையைச் செருகிக்கொள்ளலாம் என்பதால், விரல்கள் மடங்காதோருக்கு அது ஏற்றது. கைப்பிடியே குவளையைச் சுற்றிச் சுழலுமாறு அமைந்த வகையும் உண்டு. அதில் குவளை தானே சாய்வதால், மணிக்கட்டை முறுக்கவோ முழங்கையை உயர்த்தவோ தேவையில்லை. அமெரிக்கச் சிறுமி ஒருத்தி பார்க்கின்சன் நோயுள்ள தன் தாத்தாவுக்காக வடிவமைத்து, பின்னர் விற்பனைக்கும் வந்த மூன்றுகால் கோப்பை, திரும்ப வைக்கும்போது கவிழும் சிக்கலுக்கு மட்டும் கண்ட தீர்வு. ஒரு குறையை ஒழுங்காகக் கவனித்த கண்ணுக்கு அது நல்ல சான்று.

இவை எவையும் கைக்கெட்டாத ஊரில் உள்ளோர், டம்ளரின் நடுவில் இரண்டு மூன்று தடித்த ரப்பர் பேண்டுகளைச் சுற்றியோ, நூலால் பின்னிய உறையை இட்டோ வழுக்கலைக் குறைக்கலாம். டீக்கடைகளில் காணும், கோடுகோடாக வரிவிட்ட தடித்த கண்ணாடிக் கிளாஸ், எவர்சில்வர் டம்ளரைவிட விரலுக்கு நன்றாகப் பிடிபடுகிறது என்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். டம்ளருக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துவைத்தால் எடுக்கும்போதும் வைக்கும்போதும் அது நகராது. எல்லாவற்றையும்விடப் பலன்தருவது, முழங்கை இரண்டையும் மேசைமேல் ஊன்றவைப்பது. தோளிலிருந்து விரல்வரை நீளும் ஆட்டத்தில் பாதி வழியிலேயே தாங்கல் கிடைத்துவிடுவதால், புதுக்குவளை எதுவும் வாங்காமலே சிந்துவது குறையலாம். மார்பளவு உயரத்தில் மேசையிட்டு நாற்காலியில் அமர்ந்து குடிப்பவருக்கும், சாய்வு நாற்காலியில் மடியருகே டம்ளரை வைத்துக் குடிப்பவருக்கும் உள்ள வேறுபாடு, எந்த இரண்டு குவளைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரியது.

மூடியும் ஸ்ட்ராவும் கைக்குச் செய்யும் உதவி வெளிப்படையானது. தொண்டைக்கு அவை செய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. விழுங்கும் கணத்தில் மூச்சுக்குழலின் வாய் மூடப்பட்டு, நீர் உணவுக்குழல் வழியே இறங்க வேண்டும். இந்த ஒழுங்கு பிசகி நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்குவதைப் புரையேறுதல் என்கிறோம். பக்கவாதத்துக்குப் பின்னும் பார்க்கின்சன் நோயிலும் இது அடிக்கடி நேர்வதோடு, இருமல்கூட எழாமல் ஓசையின்றியும் நேரக்கூடும். அதனால் வரும் நுரையீரல் அழற்சி, பார்க்கின்சன் நோயாளரின் இறப்புக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. தலையைப் பின்னுக்குச் சாய்க்கும்போது நீர் நாவின் கட்டுப்பாட்டை மீறித் தொண்டைக்கு விரைவதால், விழுங்கற்குறை உள்ளவருக்கு அண்ணாந்து குடிப்பதே ஆகாத வழக்கம். எச்சில் படாமல் குடிப்பதைத் தூய்மையாகக் கொண்டு எழுபது ஆண்டுகள் வாழ்ந்தவரிடம் உதட்டில் வைத்துக் குடிக்கச் சொல்வது எளிதன்று. அவருக்கென்றே தனி டம்ளர் ஒன்றை ஒதுக்கி, அதை வேறெவரும் தொடுவதில்லை என்று உறுதிதந்தால் பலர் இணங்குவர்.

இந்த இடத்தில்தான் சிப்பரைப் பற்றிய ஐயம் எழுகிறது. சிப்பரின் மூக்கு வாய்க்குள் நுழைவதாலும், நீர் குறையக் குறைய அதனை மேன்மேலும் உயர்த்த வேண்டியிருப்பதாலும், குடிப்பவர் தம்மை அறியாமலே அண்ணாந்துவிடுகிறார். நீரும் நாவின் முன்பகுதியில் விழாமல் பின்பகுதிக்கு அருகே போய் விழுகிறது. மேசையைக் காப்பாற்றிய பாத்திரம் நுரையீரலைக் காப்பாற்றத் தவறுவது இப்படித்தான். கைக்குழந்தைகளுக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கொண்டு, படுத்திருக்கும் முதியவர் வாயில் நீரோ பாலோ ஊற்றும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு; அன்பால் செய்யப்படுவதாயினும், படுத்த நிலையில், விழுங்குபவரின் வேகத்தைப் பாராமல் ஊற்றுபவரின் வேகத்தில் நீர் இறங்குவதால் அது மிகுந்த ஆபத்துடையது. நிமிர்ந்து உட்காரவைத்த பின்னரே எதனையும் கொடுக்க வேண்டும்.

குடிப்பவரின் மூக்குக்கு இடம்விட்டு விளிம்பின் ஒரு பக்கம் வளைவாக வெட்டப்பட்ட குவளை, தலையைச் சாய்க்காமலே கடைசித் துளிவரை குடிக்க உதவுவது. வெட்டிய பக்கம் மூக்கை நோக்கியும், வெட்டாத பக்கம் உதட்டிலும் இருக்க வேண்டும். இதனைத் திருப்பிப் பிடித்து வெட்டிய பக்கத்தில் வாய்வைத்துவிட்டு, ‘இது ஒழுகுகிறது’ என்று ஒதுக்கிவைப்போரும் உண்டு. கழுத்து விறைத்தவர்களுக்கும், கழுத்துப்பட்டை அணிந்தவர்களுக்கும் இதற்கு நிகரான எளிய சாதனம் இல்லை. ஒரு சாய்ப்புக்கு 5 அல்லது 10 மில்லிலிட்டர் மட்டும் வெளிவிடும் குவளைகளும் உள்ளன. அவசரமாகப் பெருவாயாகக் குடித்துப் புரையேறுபவருக்கு அவை உதவலாம். தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது சிலருக்குக் காப்பாகவும் சிலருக்குப் பயனற்றதாகவும் இருப்பதால், எது யாருக்கு என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரே, தேவைப்பட்டால் பேரியம் கலந்த நீரை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனையின் வழியாகத் தீர்மானிக்க வேண்டும்.

தொண்டை நலமாக இருந்து கை மட்டும் ஆடுபவருக்கு, அதாவது எசென்ஷியல் டிரெமர் உள்ளோரில் பெரும்பாலோருக்கு, மூடியின் துளையில் அசையாமல் நிற்கும் ஸ்ட்ராவே மிகச் சிறந்த வழி. டம்ளரைத் தூக்காமல் மேசையில் வைத்தபடியே குனிந்து குடிக்கலாம் என்பதால் கைக்கு வேலையே இருப்பதில்லை. அந்த ஸ்ட்ரா வளையும் சிலிக்கோனாக இருக்க வேண்டும். இப்போது எங்கும் கிடைக்கும் எவர்சில்வர் ஸ்ட்ரா, தலையோ கையோ ஆடும்போது பல்லிலும் அண்ணத்திலும் குத்திப் புண்ணாக்கிவிடும். உறிஞ்ச வலுவில்லாதவருக்கு, உறிஞ்சிய நீர் திரும்பக் கீழிறங்காமல் தடுக்கும் ஒருவழி அடைப்புள்ள ஸ்ட்ரா உண்டு. உதடுகளை இறுக மூட இயலாத பக்கவாத நோயாளருக்கு ஸ்ட்ரா பயன்படாது. புரையேறுபவருக்கு அது ஒரே இழுப்பில் மிகுதியான நீரைக் கொண்டுவந்துவிடுவதால் சிகிச்சையாளரைக் கேளாமல் கொடுக்கலாகாது. இளநீர்க் கடையில் எவ்விதக் கூச்சமுமின்றி ஸ்ட்ரா வைத்துக் குடிக்கும் அதே பெரியவர், வீட்டில் காப்பிக்கு ஸ்ட்ரா என்றதும் முகம் சுளிப்பது ஏன் என்பதைக் குடும்பத்தார் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

நீரைக் கெட்டிப்படுத்திக் கொடுக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தால் குவளையும் மாற வேண்டும். பானங்களின் கெட்டித்தன்மையை 0 முதல் 4 வரை வகைப்படுத்தும் பன்னாட்டு முறையில், 10 மில்லிலிட்டர் சிரிஞ்சில் நிரப்பிய பானம் 10 விநாடிகளில் எவ்வளவு வடிகிறது என்பதைக்கொண்டு முதல் நிலைகள் அளக்கப்படுகின்றன. கெட்டியானது சிப்பரின் மூக்கு வழியிலோ மெல்லிய ஸ்ட்ராவிலோ வராதாதலால் அகன்ற வாயுள்ள குவளையே அதற்கு ஏற்றது. வீட்டுக் கஞ்சியே போதாதா என்று கேட்போர் உண்டு. ஆறினால் இறுகியும், உமிழ்நீர் கலந்தால் இளகியும் மாறும் கஞ்சியின் கெட்டித்தன்மை ஒரே சீராக நிற்பதில்லை என்பதே அதற்கு விடை.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீர்மம் சில விநாடிகளிலேயே தோலை ஆழமாகப் பொசுக்கவல்லது. முதியோரின் மெல்லிய தோலுக்கு அதற்கும் குறைவான நேரமே போதும். ஒற்றைச் சுவர் டம்ளரில் விரல் முதலில் சுட்டு உதட்டை எச்சரிக்கிறது. இரட்டைச் சுவர்க் குவளையில் அந்த எச்சரிக்கை இல்லாமற்போவதோடு, உள்ளிருக்கும் காப்பி நெடுநேரம் ஆறாமலும் இருப்பதால், அதில் ஊற்றுவதற்கு முன்பே டவராவில் ஆற்றிவிடுவது கட்டாயம். சூடான பானத்தை ஸ்ட்ராவில் குடிப்பவருக்கும் இதுவே பொருந்தும்.

வீட்டுக்கு வெளியே நிலைமை வேறு. கல்யாணப் பந்தியில் வைக்கப்படும் காகிதக் கப், தளர்ந்த பிடியுள்ளவர் சற்று இறுக்கினாலே நசுங்குகிறது. சிறு தண்ணீர்ப் பாட்டிலின் மூடி, கிள்ளித் திருகும் வலுவைக் கேட்கிறது. இந்தக் காரணத்தாலேயே விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பழகிய குவளையையே பையில் எடுத்துச் செல்வதும், அது மருத்துவமனைப் பொருள்போல் தோன்றாமல் சாதாரண மக் போலவே இருக்குமாறு தேர்ந்தெடுப்பதும் சிறு காரியங்களே. ஆனால் குவளை பயன்படுமா, அலமாரியில் கிடக்குமா என்பதை இவையே முடிவுசெய்கின்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அன்போடு வாங்கி அனுப்பும் விலையுயர்ந்த குவளைகள் பல, பெட்டி பிரிக்கப்படாமலே இருப்பதற்கு, வாங்கும் முன் குடிப்பவரை யாரும் கேட்காததே காரணமாக இருக்கக்கூடும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளுள் பார்க்கின்சன் நோயும் தொழுநோயிலிருந்து மீண்ட நிலையும் அடங்கும் என்பதால், சான்றிதழ் பெறத் தகுதியுடையோர் அதற்கு விண்ணப்பிக்கலாம். 2017இல் தொடங்கிய ராஷ்டிரிய வயோஸ்ரீ யோஜனா திட்டம் எளிய நிலையிலுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி, செவித்துணைக் கருவி, மூக்குக்கண்ணாடி போன்றவற்றைத் தருகிறது. குவளை போன்ற சிறுபொருளுக்கான செலவு பெரும்பாலும் குடும்பத்தையே சேர்கிறது. ஆகவே ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்வோர், அங்குள்ள குவளைகளில் இரண்டு மூன்றைக் குடித்துப் பார்த்த பின் வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும்.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியது கழுவுதல். அடைப்பும் துளையும் ஸ்ட்ராவும் உள்ள குவளையில் பால் கலந்த காப்பியின் படிவு தங்கிப் பூஞ்சை பிடிக்கும். எல்லாப் பாகங்களும் கழன்றுவராத குவளையை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்காமல் விடலாம். மேலும், எந்தக் குவளையும் நெடுங்காலத்துக்கு ஒரேபோல் பொருந்துவதில்லை. குடித்தபின் குரல் நீர் நிறைந்ததுபோல் கரகரப்பது, ஒவ்வொரு வாய்க்கும் இருமல் எழுவது, காரணம் தெரியாத காய்ச்சலும் சளியும் மீண்டும் மீண்டும் வருவது, குடித்து முடிக்கும் நேரம் நாளுக்கு நாள் நீள்வது ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் வேறு குவளையைத் தேடிக் கடைக்குப் போவதை நிறுத்தி, விழுங்கல் சிகிச்சையாளரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இப்போது பயன்படும் குவளையையும் அவரிடம் எடுத்துச் சென்று, அதிலேயே குடித்துக்காட்டச் செய்வது நல்லது.